காலேஜைப் பார்க்காதீர்கள், ஹோட்டலைப் பாருங்கள்!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். கேட்டரிங் கல்லூரியில் 22 வருஷம் ஹவுஸ்கீப்பிங் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அதனால், தெருவில் யார் வீட்டுப் பிள்ளையாவது ‘ஹோட்டல் மேனேஜ்மென்ட்’ என்று வாய் திறந்தால், அப்பா அம்மா நேரே என்னிடம்தான் வருவார்கள்.

அவர்கள் கேட்கும் கேள்விகளும் எனக்கு மனப்பாடம்.

“கட்டடம் ரொம்பப் பெரிசா இருக்கு மேடம். ஏ.சி. க்ளாஸ் ரூம். ஃபீஸ்தான் கொஞ்சம் ஜாஸ்தி. சேர்த்துடலாமா?”

“நூத்துக்கு நூறு பேருக்கு வேலைன்னு விளம்பரம் போட்டிருக்காங்க. நம்பலாமா?”

“பொம்பளைப் பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்பலாமாங்க?”

எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். கட்டடத்தை அப்புறம் பார்க்கலாம். அந்தக் கல்லூரி எந்தெந்த ஹோட்டல்களோடு கைகோத்துப் பாடம் நடத்துகிறது என்று முதலில் விசாரியுங்கள். கரையில் நின்றுகொண்டு நீச்சல் கற்றவர் உண்டா? ஹோட்டல் படிப்பும் அப்படித்தான். பாதி வகுப்பறையில், பாதி ஹோட்டலில். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கையில் இருப்பது வெறும் சான்றிதழ்தான், வேலை இல்லை.

பெண்கள் போட்ட பிள்ளையார் சுழி

ஹோட்டல் படிப்பு என்றால் ஏதோ ஆண்கள் சமாசாரம் என்று நினைக்கும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. நம் நாட்டில் இந்தப் படிப்புக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களே பெண்கள்தாம்!

சுதந்திரம் வந்த புதிதில் நாட்டில் கடுமையான தானியப் பஞ்சம். அரிசி, கோதுமைக்கு மாற்றாக வேறு உணவுகளை மக்களுக்குப் பழக்க வேண்டியிருந்தது. அப்போது லீலாவதி முன்ஷி அம்மையார் தலைமையில் பெண்கள் உணவுக் கவுன்சில் ஒன்று இயங்கியது. ‘அன்னபூர்ணா’ என்ற பெயரில் சிற்றுண்டிச் சாலைகளை நடத்தினார்கள். அந்தக் கவுன்சில்தான் 1954-இல் பம்பாயில் நாட்டின் முதல் கேட்டரிங் கல்லூரியைத் தொடங்கியது. நம் சென்னைத் தரமணியில் இருக்கும் மத்திய அரசுக் கல்லூரி 1963-இல் வந்தது. ‘ஹோட்டல் மேனேஜ்மென்ட், கேட்டரிங் டெக்னாலஜி, அப்ளைடு நியூட்ரிஷன்’ என்பது அதன் நீளமான பெயர். அந்தக் கடைசி வார்த்தை, ஊட்டச்சத்து, சும்மா வந்து ஒட்டிக்கொண்டதல்ல. பசியைத் தீர்க்கும் அக்கறையிலிருந்து பிறந்த படிப்பு இது.

பம்பாய்க் கல்லூரியின் முதல்வராகப் பல ஆண்டுகள் இருந்தவர் கேரளத்தைச் சேர்ந்த தங்கம் ஃபிலிப் அம்மையார். 1976-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் எழுதி 1965-இல் வெளிவந்த ‘மாடர்ன் குக்கரி ஃபார் டீச்சிங் அண்ட் தி டிரேட்’ என்ற புத்தகத்தைப் புரட்டாத கேட்டரிங் மாணவர் அபூர்வம். ‘கற்பிப்பதற்கும் தொழிலுக்கும்’ என்று தலைப்பிலேயே இரண்டையும் சேர்த்து வைத்தார் பாருங்கள். நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதும் அதையேதான்.

ஹோட்டல்காரர்களே நடத்திய பள்ளிகள்

உலகத்திலேயே முதல் ஹோட்டல் பள்ளி எங்கே தொடங்கியது தெரியுமா? ஒரு ஹோட்டலுக்குள்ளேயே! சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து ஏரிக்கரையில் ஊஷி என்ற இடம். அங்கிருந்த ஒரு ஹோட்டலில் 1893-இல் முதல் வகுப்பு நடந்தது. வெளிநாட்டுப் பயணிகள் வந்து குவிந்தார்கள். தேர்ந்த ஆட்கள் கிடைக்கவில்லை. ஹோட்டல்காரர்களின் சங்கம் உட்கார்ந்து யோசித்து, ‘நமக்கு வேண்டிய ஆட்களை நாமே தயார் செய்வோம்’ என்று தீர்மானித்தது.

நம் நாட்டிலும் பெரிய நிறுவனங்கள் இதை உணர்ந்திருந்தன. ஓபராய் நிறுவனம் 1966-லேயே டில்லியில் சொந்தப் பள்ளி தொடங்கிவிட்டது. மணிப்பாலில் ஐ.டி.சி.யின் வெல்கம் குழுமமும், அவுரங்காபாத்தில் தாஜ் குழுமமும் எண்பதுகளில் கல்லூரிகளோடு கைகோத்தன. இங்கெல்லாம் பாடம் ஒரு பக்கம், நடக்கிற ஹோட்டல் ஒரு பக்கம் என்று பிரிக்கவே முடியாது.

ஆனால் எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்குமா? கிடைக்காது. மாவட்டத் தலைநகரிலோ சின்ன ஊரிலோ உள்ள கல்லூரியில்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் சேர்கிறார்கள். அங்கேதான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

வகுப்பறையில் வராதது என்ன?

இந்தப் படிப்பில் பிரதானமாக நாலு பிரிவுகள். சமையல் தயாரிப்பு, உணவு பரிமாறுதல், ஃப்ரண்ட் ஆபீஸ் என்கிற வரவேற்புப் பிரிவு, ஹவுஸ்கீப்பிங்.

என் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். படுக்கை விரிப்பது எப்படி என்று கல்லூரியின் மாதிரி அறையில் ஒரு மணி நேரம் சொல்லித் தருவேன். சுருக்கமில்லாமல் அழகாக விரித்துக் காட்டுவார்கள். பத்துக்குப் பத்து மார்க்கும் வாங்கிவிடுவார்கள். ஆனால் ஹோட்டலில் ஒருவருக்கு ஒரு ஷிப்டில் பதினாலு பதினைந்து அறைகள். பன்னிரண்டு மணிக்கு ஒருவர் காலி செய்வார், ஒரு மணிக்கு அடுத்தவர் சூட்கேஸோடு நிற்பார். அதற்குள் படுக்கை, குளியலறை, தரை, தண்ணீர் பாட்டில், துண்டு எல்லாம் மாற வேண்டும். விருந்தினர் தலையணைக்கடியில் மறந்துவிட்டுப் போன மோதிரத்தை என்ன செய்வது, உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும் விருந்தினரிடம் எப்படிப் பேசுவது... இதையெல்லாம் மாதிரி அறையில் எப்படிச் சொல்லித் தருவது?

சமையலும் அதே கதைதான். வகுப்பில் நாலு பேருக்குக் குருமா. கல்யாண விருந்தில் எண்ணூறு பேருக்கு. அளவை இருநூறால் பெருக்கினால் உப்பும் காரமும் சரியாக வந்துவிடாது என்பது அடுப்பு முன்னால் நின்றவர்களுக்குத்தான் தெரியும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் சாலட் வெட்டக் கூடாது, சமைத்ததைச் சூடாகவே வைக்க வேண்டும் அல்லது சீக்கிரம் குளிர வைக்க வேண்டும் என்பதைப் பரீட்சையில் எல்லோரும் எழுதுவார்கள். அவசரத்திலும் கை தானாகப் பச்சைப் பலகையைத் தேடிப் போக வேண்டுமே, அந்தப் பழக்கம் ஹோட்டல் சமையலறையில்தான் வரும்.

அதனால்தான் தேசியக் கவுன்சிலின் மூன்று வருஷப் பட்டப் படிப்பில், இரண்டாம் வருஷம் 17 வாரம் ஹோட்டல் பயிற்சி என்ற ஏற்பாடு வெகு காலமாக இருந்துவந்தது. மற்றப் பல்கலைக்கழகங்களிலும் ஏதாவது ஒரு பருவத்தில் பயிற்சி கட்டாயம் உண்டு. பையன்களும் பெண்களும் உண்மையில் தேறுவதும், “எனக்கு இது ஒத்துவராது” என்று புரிந்துகொள்வதும் அந்த நாட்களில்தான்.

பயிற்சியா, கூலி வேலையா?

இங்கேதான் ஒரு கசப்பான விஷயமும் சொல்ல வேண்டும்.

ஒரு வருஷம், பயிற்சியில் இருந்த எங்கள் மாணவிகளைப் பார்க்க ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனேன். கெட்டிக்காரப் பெண் ஒருத்தி. நன்றாக ஆங்கிலம் பேசுவாள். கையில் துணியோடு, விருந்து மண்டபத்துப் பின்னறையில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனை நாளாம்மா இங்கே?”

“ஆறு வாரம் மேடம்.”

“வேற எந்த டிபார்ட்மென்டும் போடலையா?”

“கேட்டேன். ‘சீசன் முடியட்டும்’னு சொல்றாங்க.”

தட்டு துடைப்பது கேவலமான வேலை என்று நான் சொல்லமாட்டேன். எல்லோரும் கற்க வேண்டிய வேலைதான். நாலு நாள் போதும். ஆறு வாரம் துடைத்தால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை; சம்பளமில்லா ஆள் மிச்சம். அங்கேயே மனிதவள அதிகாரியின் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். எங்கள் கல்லூரியும் அவர்களும் கையெழுத்திட்டிருந்த காகிதத்தில், நாலு பிரிவிலும் இத்தனை இத்தனை நாள் என்று எழுதியிருந்தது. அதை எடுத்துக் காட்டினேன். மறு வாரமே அந்தப் பெண் வரவேற்பு மேஜைக்கு மாற்றப்பட்டாள். காகிதத்தில் எழுதி வாங்காமல் இருந்திருந்தால் எதைக் காட்டிப் பேசுவது?

நேர்மாறான அனுபவமும் உண்டு. அதே வருஷம் இன்னொரு மாணவிக்குக் கிடைத்தது மாவட்டத்து ஊர் ஒன்றில் நாற்பது அறை ஹோட்டல். “என்ன மேடம், என் தலையெழுத்து!” என்று அழுதாள். அங்கிருந்த ஹவுஸ்கீப்பர் அம்மாள், துணிமணிக் கணக்கு, சலவைக் கணக்கு, சாமான் கையிருப்பு என்று எல்லாவற்றையும் அவளைக் கூடவே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். படித்து முடித்ததும் அவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இன்று அங்கே ஹவுஸ்கீப்பிங் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பில். ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்பதைவிட, அங்கே கற்றுத்தர ஆள் உண்டா என்பதுதான் முக்கியம்.

வாத்தியாரும் ஹோட்டலுக்குப் போக வேண்டும்

ஹோட்டல்காரர்கள் கல்லூரிக்குச் செய்யக்கூடியது பயிற்சி இடம் தருவது மட்டுமல்ல. சமையல் தலைமை செஃப் மாதம் ஒரு முறை வந்து வகுப்பெடுக்கலாம். பாடத்திட்டம் போடும்போது, “இது இப்போ வழக்கத்திலேயே இல்லீங்க, அதுக்குப் பதிலா இதைச் சேருங்க” என்று சொல்லலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், ஆசிரியர்களை விடுமுறையில் உள்ளே விடலாம்.

என் அனுபவத்தில் சொல்கிறேன். நான் பாடம் நடத்த வந்தபோது அறைச் சாவி என்றால் பித்தளைச் சாவிதான். வருகைப் பதிவு தடிமனான நோட்டில். கட்டிலில் விரிப்பு, மேல் விரிப்பு, கம்பளி என்று அடுக்கடுக்காக விரிப்போம். பிறகு சாவி அட்டையாயிற்று, நோட்டு கம்ப்யூட்டராயிற்று, கம்பளி போய் உறை போட்ட மெத்தைப் போர்வை வந்தது. மே மாத விடுமுறைகளில் இரண்டு வாரம் ஹோட்டலில் நின்று பார்த்துவிட்டு வந்ததால், ஜூன் மாதம் புதிய பாடம் நடத்த முடிந்தது. பத்து வருஷமாக ஹோட்டல் வாசலையே மிதிக்காத ஆசிரியர், பழைய நோட்டைத்தான் படித்துக் காட்டுவார். பிள்ளை வேலைக்குப் போன முதல் நாளே விழிக்கும்.

வேலை கிடைக்கிறது, நிலைக்கிறதா?

இந்தத் துறையில் வேலை கிடைப்பதைவிட நிலைப்பதுதான் பெரிய விஷயம். முதல் வருஷத்திலேயே விட்டுவிட்டு ஓடி வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சோம்பேறிகள் அல்ல, முன்கூட்டியே யாரும் உண்மையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உண்மை இதுதான்: ஒன்பது மணி நேரம் நின்றே வேலை. சில இடங்களில் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று ‘ப்ரேக் ஷிப்ட்’. ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடும்போது நாம் பரிமாறிக்கொண்டிருப்போம். ஆரம்பச் சம்பளத்தைப் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர் பையனோடு ஒப்பிட்டால் முகம் சுருங்கும். இரண்டு மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர்களுக்குப் படிகள் திறக்கின்றன. ஹோட்டல் மட்டுமல்ல, ஆஸ்பத்திரி, விமான உணவுக்கூடம், கப்பல், கம்பெனி கேன்டீன் என்று பல கதவுகள். 2020-இல் கொரோனா வந்து ஹோட்டல்கள் மூடிக்கிடந்தபோது, கைத்தொழில் தெரிந்த என் பழைய மாணவிகள் சிலர் வீட்டிலேயே கேக்கும் பிரெட்டும் செய்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். கையில் தொழில் இருந்தால் வாசல் ஒன்று மூடினாலும் இன்னொன்று உண்டு.

சரி, வேலைக்கு எடுப்பவர்கள் என்ன பார்க்கிறார்கள்? நேர்முகத் தேர்வுகளில் கூட உட்கார்ந்திருக்கிறேன். நிமிர்ந்து நிற்கிறார்களா, முகம் பார்த்துப் பேசுகிறார்களா, தெரியாததை “கேட்டுச் சொல்கிறேன்” என்று பணிவாகச் சொல்கிறார்களா, நேரத்துக்கு வந்தார்களா. இவைதான் முதல் மார்க். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். இலக்கணம் அப்புறம் வரும். தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுப் பேசிப் பழகினால் ஆறு மாதத்தில் நாக்கு திரும்பிவிடும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

சேர்க்கை அலுவலகத்தில் கூச்சப்படாமல் இவற்றைக் கேளுங்கள்:

1. பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது? பல்கலைக்கழக மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

2. போன வருஷம் பயிற்சிக்குப் போனது எந்தெந்த ஹோட்டல்? ‘பெரிய ஹோட்டல்கள்’ என்றால் போதாது, பெயர் வேண்டும்.

3. நாலு பிரிவிலும் சுழற்சி உண்டா? எழுத்தில் இருக்கிறதா? பயிற்சி நாட்களில் ஆசிரியர் நேரில் போய்ப் பார்க்கிறாரா?

4. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, சாப்பாடு, தங்குமிடம் யார் பொறுப்பு?

5. ஆசிரியர்களில் ஹோட்டலில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்?

6. இரண்டு வருஷத்துக்கு முன் முடித்த மாணவர்கள் இப்போது எங்கே? இதுதான் உரைகல். போன மாதம் வேலை கிடைத்தவர்களின் போட்டோவை எல்லோரும் மாட்டுவார்கள். இரண்டு வருஷம் கழித்தும் அந்தத் துறையில் இருக்கிறார்களா என்பதே கேள்வி. முடிந்தால் இரண்டு பேரிடம் போனில் பேசிவிடுங்கள்.

7. ‘வெளிநாட்டில் பயிற்சி’ என்கிறார்களா? எந்த விசா, அனுப்புகிறவர் அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்டா, ஒப்பந்தம் கையில் வருமா என்று பார்க்காமல் ஒரு பைசா கட்டாதீர்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கச் சொன்னால், கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு

பணியிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொந்தரவு நேராமல் காக்க 2013-இல் சட்டம் வந்தது. பயிற்சிக்குப் போகும் மாணவிக்கும் அது பொருந்தும் என்பது பல அம்மாக்களுக்குத் தெரியாது. பத்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைவராகவும், பாதிப் பேருக்குக் குறையாமல் பெண்களாகவும், வெளியாள் ஒருவர் சேர்ந்தும் இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடமானால் மாவட்ட அளவில் குழு உண்டு. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். பயிற்சியில் சேரும் அன்றே, “குழுவில் யார் யார், போன் நம்பர் என்ன?” என்று உங்கள் பெண் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். இரவு ஷிப்டுக்கு வண்டி உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். “பயிற்சி மார்க் போயிடுமோ”ன்னு வாயை மூடிக்கொள்ளும் பெண்தான் அதிகம் கஷ்டப்படுகிறாள். ‘என்ன நடந்தாலும் வீட்டில் சொல்லு, மார்க் பெரிசில்லை’ என்ற தைரியத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

லட்சங்கள் இல்லாமலும் வழி உண்டு

மூன்று வருஷம் படிக்க வைக்க வசதியில்லையா? மனம் தளர வேண்டாம்.

தரமணி போன்ற அரசுக் கல்லூரிகளில் பட்டப் படிப்பு தவிர, சமையல், பரிமாறுதல் போன்றவற்றில் குறுகிய காலப் படிப்புகளும் உண்டு. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் கல்லூரி இருக்கிறது. பட்டப் படிப்புக்கு ப்ளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும், ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் தேசிய நுழைவுத் தேர்வு எழுதலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்துப் பிள்ளைகளைத் தாட்கோ மூலம் தரமணியில் சேர்த்துப் படிக்க வைக்கும் திட்டமும் உண்டு. உங்கள் மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்காக மத்திய சுற்றுலா அமைச்சகம் 2009-10-இல் ‘ஹுனர் சே ரோஸ்கார் தக்’ என்ற இலவசப் பயிற்சியைக் கொண்டுவந்தது. எட்டாவது படித்தவர்களும் சில வாரங்களில் சமையலோ பரிமாறுதலோ கற்கலாம். உங்கள் பக்கத்தில் எப்போது வகுப்பு என்று அரசு ஹோட்டல் கல்லூரியில் கேட்டால் சொல்வார்கள். 1961-இல் வந்த அப்ரன்டீஸ் சட்டப்படி உதவித்தொகையோடு ஹோட்டலிலேயே தொழில் பழகும் வழியும் இருக்கிறது.

ஹோட்டல் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. “நல்ல ஆள் கிடைக்கலை, வந்தவங்களும் நிக்க மாட்டேங்கறாங்க” என்று உங்களில் பலர் புலம்பக் கேட்டிருக்கிறேன். நல்ல ஆள் கடையில் கிடைக்கும் சரக்கில்லை. உங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளையை ஆறு வாரம் தட்டு துடைக்க வைத்தால், அவள் படிப்பு முடிந்து உங்கள் வாசலுக்கு ஏன் வரப் போகிறாள்? அருகில் உட்கார வைத்து ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். அவளே திரும்பி வருவாள்.

தாய்மார்களே, நகையை அடகு வைத்துத்தான் நம்மில் பலர் பிள்ளைகளின் ஃபீஸைக் கட்டுகிறோம். அந்த நகைக்கடையில் கூட, உரசிப் பார்க்காமல் நாம் ஒரு கிராம் வாங்குவதில்லை. கல்லூரியையும் ஒரு தடவை உரசிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.